பாதி வேகத்தில் ஒரு தாலாட்டு

அந்த நால்வருக்கும் நான் இன்னும் முறையாக நன்றி கூறவில்லை. கூற முற்படும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் ஏதாவது கேலி பேசிவிடுவார். நானும் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆகவே, நடந்ததை நடந்தபடியே எழுதி வைத்துவிடுவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒரு காது மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். சுவரெங்கும் பஞ்சுப் பலகை பதித்த சிறிய அறைக்குள் ஒருவரை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இப்பாலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டதும் அவர் பொத்தானை அழுத்துவார். அத்துடன், தொழிற்சாலைக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் காதடைப்பான் செய்து தருவதும் என் வேலை. இளகிய பசையைக் காதுக்குள் செலுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து வெளியே எடுத்தால், அவரவர் காதின் அச்சு அப்படியே கைக்கு வந்துவிடும். அந்த ஐந்து நிமிடமும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. தாடை அசைந்தால் அச்சு கெட்டுவிடும்.

ஆண்டுதோறும் நவம்பரில் வரும் அந்த நால்வரும் இந்த விதியை ஒருமுறைகூட மதித்ததில்லை.

அவர்கள் ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாடுபவர் நகரப் பேருந்து ஓட்டுநர். உருவத்தைக் கண்டு வைத்த பெயரா, குரலைக் கேட்டு வைத்த பெயரா தெரியவில்லை, எல்லோரும் அவரைக் கரடி என்றே அழைப்பார்கள். மற்ற இருவரும் ஒரே கண்ணாடிக் கடையின் பங்காளர்கள். ஒருவரின் தங்கையை மற்றவர் மணந்திருப்பதால், ஊருக்கே அவர்கள் மச்சானும் மாப்பிள்ளையும்தான். மச்சான் லீட் கிடார். மாப்பிள்ளை பேஸ் கிடார். கடையில் தீராத சண்டையை என் பரிசோதனை அறைக்குக் கொண்டுவந்து தொடருவார்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழைய பாடல் ஒன்றை எடுத்து, தங்கள் முறையில் இடி முழங்க வாசித்து, காணொளியும் எடுத்து வெளியிடுவது இவர்கள் வழக்கம். மணிகளைப் பற்றிய பாட்டை ஒரு கார் நிறுத்துமிடத்தில் எடுத்தார்கள். புகை இயந்திரம் தீயணைப்பு எச்சரிக்கை மணியைக் கிளப்பிவிட்டது. அந்த அலறலையும் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, மேய்ப்பர் பாட்டை ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில். கறுப்புத் தோல் உடையில் இவர்கள் நால்வரும் தலையைச் சுழற்ற, ஆடுகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் நெருங்கி வந்து மாப்பிள்ளையின் மணிக்கட்டுப் பட்டையைத் தின்றது. அக்காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இந்த வருஷம் தாலாட்டு" என்றார் டிரம்மர். நான் அப்போது கரடியின் வலக் காதில் பசையைச் செலுத்திக்கொண்டிருந்தேன்.

எந்தத் தாலாட்டு என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தேவாலயத்தில் ஆண்டுதோறும் பாடப்படும் தொட்டில் பாட்டு அது. தயக்கத்துடன்தான் கேட்டேன்: "மன்னிக்கணும், பாப்பாவைத் தூங்க வைக்கற பாட்டாச்சே அது? நீங்க பாடினா பாப்பா எழுந்துடாதா?"

பேசக் கூடாதவர் பேசினார். "என் பொண்ணு மூணு வருஷமா நான் பாடித்தாம்மா தூங்கறா. நிறுத்தினாத்தான் எழுந்திருப்பா."

அச்சு கெட்டுப்போயிற்று. மறுபடி பசை கலந்தேன்.

"அதுல ஒரு உதவி வேணும்" என்றார் டிரம்மர். "உங்க சர்ச்சுல பாட்டுக் குழு இருக்கில்ல? பின்னாடி அவங்க பாடினா நல்லா இருக்கும். வீடியோவுலயும் நிக்கணும். கேட்டுப் பாக்கறீங்களா?"

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். யாருக்கும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் அந்தப் பாட்டின் பெயரைக் கேட்டதிலிருந்து என் மனத்தில் ஓடியது வேறொன்று.

அந்தத் தொட்டில் பாட்டின் உச்சக் குரல் பகுதியைப் பதினெட்டு ஆண்டுகளாகத் தனித்துப் பாடி வந்தவர் என் அக்கா. சென்ற மார்ச்சில் அவர் கழுத்தில், தைராய்டு சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். கட்டி தீங்கற்றது என்று தெரிந்து நாங்கள் கண்ணீர் விட்டோம். ஆனால் குரல் நாணுக்குச் செல்லும் நரம்பு ஒன்று தளர்ந்துவிட்டது. அப்படி நேரக்கூடும் என்று மருத்துவர் முன்னதாகவே கூறியிருந்தார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. கண்விழித்து அக்கா பேசிய முதல் சொல், உலர்ந்த பலகையில் ரம்பம் இழுப்பதுபோல் இரண்டாகப் பிளந்து வந்தது. இனி அதுதான் அவர் குரல் என்றார்கள். பேச்சுப் பயிற்சி தருபவர், "பேசுங்க, தாராளமாப் பேசுங்க, பேசினா கெட்டுப்போகாது" என்று எவ்வளவோ வலியுறுத்தினார். அக்கா வாயை மூடிக்கொண்டார்.

அவர் ஒரு தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். பத்துப் பதினைந்து அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டும் கை. அந்த வேலைக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவையில்லை. சாக்குக்கட்டியால் மாதிரித் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டே ஒன்பது மாதத்தை ஓட்டிவிட்டார். என்னிடம் மட்டும், கதவு சாத்தியிருந்தால், இரண்டொரு வார்த்தை. வீட்டில் வானொலி பாடினால் அணைத்துவிடுவார். தேவாலயத்துக்கு வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு தொடங்குமுன் எழுந்து போய்விடுவார். பாடாமல் இருப்பது ஒன்று. பேசவே கூசி ஒரு மனிதர் தம்மைத் தாமே மறைத்துக்கொள்வது வேறொன்று. இப்படியே இவர் முற்றிலும் அடங்கிவிடுவாரோ என்பதுதான் என் ஒரே பயமாக இருந்தது.

எங்கள் பாடகர் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அந்த நால்வரின் பழைய காணொளிகளைப் போதகருடன் சேர்ந்து உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். ஆட்டுக் காட்சியை இருமுறை பார்த்தார்களாம்.

போதகர் கேட்டது ஒன்றே ஒன்று: "வார்த்தை எதையும் மாத்தலையே?"

"இல்லீங்க ஐயா" என்றேன்.

"அப்புறம் என்ன? வானத்துல தூதர் வந்தப்போ மேய்ப்பருங்க பயந்துதானே போனாங்க? சத்தம் கொஞ்சம் பெரிசாத்தான் இருந்திருக்கும்."

அனுமதி கிடைத்தது. ஆனால் அதே வாரம் குழுத்தலைவர் குளியலறைப் படியில் வழுக்கி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் வந்து நின்றார். குழுவுக்குக் கையசைத்து வேகம் காட்ட ஆள் இல்லை. அவர் என்னைத் தனியே அழைத்து, "அக்காவைக் கேளும்மா. அந்தப் பாட்டு அவளுக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். வாய் திறக்க வேண்டிய வேலையில்லன்னு சொல்லு" என்றார்.

தையற்கூடத்துக்குப் போனேன். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, பள்ளிச் சீருடைத் துணியின் மேல் மாதிரித் தாளை விரித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தாளின் ஓரத்தில் எழுதினார்: வரமாட்டேன்.

"அக்கா, கை மட்டும்தான். மத்ததெல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

யாரு பாடறது?

"கரடின்னு ஒருத்தர்."

சாக்குக்கட்டி நின்றது. கரடியா?

"பஸ் ஓட்டறார்க்கா."

அக்கா சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் நான் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பார்த்த அதே பார்வை. கைப்பேசியில் ஆட்டுக் காட்சியை எடுத்துக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து எழுதினார்: கை மட்டும். கீழே இரண்டு கோடு இழுத்தார்.

படப்பிடிப்பு ஒரு சனிக்கிழமை காலை, தேவாலயத்தின் கூடத்தில். படமெடுப்பவர் டிரம்மரின் மனைவி. திருமணப் படம் எடுப்பது அவர் தொழில். ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் கிடாரை மீட்டிச் சோதித்தபோது என் ஒலிமானியை நீட்டிப் பார்த்தேன். முள் இருந்த இடம் என்னைக் கலங்க வைத்தது. எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒன்பது பேருடைய காதுகளை நானே பரிசோதித்திருக்கிறேன்.

ஆகவே, என் கடமை என்று நான் கருதியதைச் செய்தேன். பெட்டி நிறையப் பஞ்சு அடைப்பான்கள் எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றையும் விரலால் மெல்லியதாகச் சுருட்டி, காதின் மேல்நுனியை உயர்த்திப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை முப்பது எண்ணி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒருவர் தவறாமல் நானே வைத்துவிட்டேன். அக்காவுக்கு அவர் காதின் அச்சிலேயே தனியாகச் செய்த அடைப்பான்; கொதிகலன் அருகே வேலை செய்பவர்களுக்குத் தருவது, துளையே இல்லாதது. ஒலிபெருக்கிக்கு மிக அருகில் நிற்கப்போகிறவர் அவர்தானே. கடைசியாக என் காதுகளையும் அடைத்துக்கொண்டேன். உலகம் அடங்கியது. மனத்துக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகுதான் டிரம்மரின் மனைவி எங்கள் முன் வந்து நின்று, கைகளை விரித்தும் சுழற்றியும் நெடுநேரம் ஏதோ விளக்கினார்.

எங்கள் குழுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேசுபவரை நிறுத்தி, 'என்ன சொன்னீங்க?' என்று கேட்பது எங்களில் யாருக்கும் வராது. குழுத்தலைவர் புன்னகையுடன் தலையசைத்தார். அவர் காதிலும் பஞ்சுதான். அவரைப் பார்த்து முதல் வரிசை தலையசைத்தது. முதல் வரிசையைப் பார்த்து மற்ற வரிசைகள் தலையசைத்தன. அக்காவும் தலையசைத்தார். நானும் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்தேன்.

குழுத்தலைவர் மாடி மேடையில் ஏறி, இடக்கையால் கூடையைச் சாய்த்துப் பொய்ப் பனியைத் தூவினார். நால்வரும் வாசிப்பதுபோல் நடிக்கத் தொடங்கினார்கள். கரடி, சட்டைக் காலருக்குள் குளவி புகுந்தவர்போல் உதறினார். மச்சானின் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடின. என் காதுக்கு எட்டியதெல்லாம் ஒரு கடகடப்பு. பாதத்தின் கீழ் ஓர் அதிர்வு. ஹெவி மெட்டல் என்பது இதுதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்தது அக்காவின் கை ஒன்றுதான். அது எழுந்தது, வாய் திறந்தோம். அது இறங்கியது, மூடினோம். குரல் கொடுக்கத் தேவையில்லை, ஒலிப்பதிவு பிறகு என்று முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆகவே மௌனமாகவே நான்கு சரணங்களையும் பாடினோம்.

நடுவில் அந்த நால்வரும் நிறுத்திவிட்டு, தலைகுனிந்து நின்றதைக் கவனித்தேன். நாங்கள் பாடி முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள். பண்புள்ளவர்கள் என்று நினைத்தேன். இப்படியே மூன்று முறை எடுத்தார்கள்.

திங்கட்கிழமை மாலை டிரம்மரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒரு சின்ன விஷயம். வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போறீங்களா?"

பின்கட்டு அறையில் போர்வை போர்த்திய டிரம்ஸ், ஒரு கணினி, நால்வர், டிரம்மரின் மனைவி. உட்காரச் சொல்லி, படத்தை ஓடவிட்டார்கள். பனி மிதந்தது. கரடியின் முடி தண்ணீருக்குள் அலைவதுபோல் மெதுவாக எழுந்து விழுந்தது. ஆனால் அவர் உதடு மட்டும் பாட்டோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அழகாக இருந்தது. பிறகு நாங்கள் வந்தோம். கரடி ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் எங்கள் இருபத்திரண்டு வாய்களும் முதல் சொல்லுக்காகத் திறந்துகொண்டிருந்தன. திறந்துகொண்டே இருந்தன.

"அன்னிக்கு விளக்கமாச் சொன்னேனேங்க" என்றார் டிரம்மரின் மனைவி. "பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிடுவோம், நீங்களும் அதே வேகத்துல வாயசைக்கணும், அப்புறம் படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைச்சா பனி மெதுவா விழும், வாய் மட்டும் சரியா இருக்கும்னு. எல்லாரும் அவ்வளவு நல்லாத் தலையாட்டினீங்களே?"

"காதுல பஞ்சு வெச்சிருந்தோம்."

"எப்ப வெச்சீங்க?"

"நீங்க பேச வர்றதுக்கு முன்னாடி."



"அதான் பாட்டு முடிஞ்சும் பாடிட்டே இருந்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை. "நான் ஏதோ ஜெபம்னு நெனச்சு கண்ணை மூடிட்டு நின்னேன்."

"நீ தூங்கினே" என்றார் மச்சான்.

நான் எழுந்து நின்றேன். எதற்கும் இருக்கட்டுமென்று வரும் வழியிலேயே தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை வரிசைப்படி சொல்லத் தொடங்கினேன்: இது முழுக்க என் தவறு என்பதையும், குழுவினர் மீது குற்றமில்லை என்பதையும், மறுபடி எடுப்பதானால் எல்லோரையும் அழைத்துவருவது என் பொறுப்பு என்பதையும். பாதியிலேயே டிரம்மர் கையை உயர்த்தினார். என்னை நிறுத்துவதற்காக அல்ல. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்தை அணைச்சுட்டு அந்த அம்மா கையை மட்டும் போடு" என்றார் மனைவியிடம்.

ஒலியற்ற திரையில் அக்காவின் கை தெரிந்தது. பாதி வேகத்தில் அது எழுந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, விரல்கள் சற்றே மலர்ந்து, இறங்கியது. மறுபடி எழுந்தது. டிரம்மர் தம் முழங்காலில் தட்டத் தொடங்கினார். முதல் சரணம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. தாளம் காட்டும் சிறிய கருவியை எடுத்து, அதன் முள்ளை அந்தக் கைக்குப் பொருத்தி மேசைமேல் வைத்தார். கருவியும் கையும் சேர்ந்தே நடந்தன. கடைசிச் சரணத்தின் கடைசி அசைவுவரை, ஒரு மயிரிழை பிசகவில்லை.

"எனக்கே மிஷின் வேணும்டா" என்றார் டிரம்மர் தாழ்ந்த குரலில். "யாருங்க இவங்க?"

"என் அக்கா."

"என்ன பண்றாங்க?"

"துணி வெட்டறாங்க." ஏனோ, மற்றதையும் சொல்லிவிட்டேன். குரல் போனதை, சாக்குக்கட்டியை, வானொலியை, எல்லாவற்றையும். அந்நியர்களிடம் அவ்வளவு பேசியது எனக்கு அதுவே முதல் தடவை. கரடி தம் பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாம இந்தக் கைக்கு வாசிப்போம்" என்றார் டிரம்மர்.

"பாட்டு எட்டு நிமிஷம் வரும்" என்றார் மாப்பிள்ளை. "யாரு கேப்பாங்க?"

"ஊர்ல கல்யாண வீடியோவை மூணு மணி நேரம் உக்காந்து பாக்கறாங்க. உன் கல்யாண வீடியோவை நான் முழுசாப் பாத்தேன். எட்டு நிமிஷம் ஒரு கேடா?" என்றார் மச்சான்.

"உங்களை மறுபடி எடுக்கணுமே" என்றேன். "உங்க வாயசைவு பழைய வேகத்துல..."

"நாங்க நாலு கழுதைங்க. எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றார் கரடி. "இருபத்திரெண்டு பேர் ஒரு கையைப் பாத்து இப்படி ஒண்ணா வாய் திறக்கறதை இன்னொரு தரம் எடுக்க முடியாதும்மா. பஞ்சு வெச்சது நல்லதாப் போச்சு."

அந்தச் சொல் என்னை எவ்வளவு ஆற்றியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு தையற்கூடத்துக்குப் போனேன். அக்கா என்னைத் துணி அடுக்கும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். நின்றபடியே எட்டு நிமிடமும் பார்த்தார். என் தவறை ஒப்புக்கொண்டேன். "உனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதுக்கா. கொதிகலன்காரங்களுக்குத் தர்ற அடைப்பான் அது."

"கேட்டுச்சு" என்றார் அக்கா. அந்தப் பிளந்த குரல்.

"என்ன கேட்டுச்சு?"

"என் குரல். பழையது." சற்று நிறுத்தினார். "மார்ச்சுலேருந்து அது எனக்கு ஞாபகத்துலயே வரலடி. எவ்வளவோ தேடிப் பாத்தேன். இந்தக் குரல் அதை அழிச்சுடுச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு வெளியில எல்லாம் நின்னதும் உள்ளேருந்து வந்துச்சு. நான் அதுக்குத்தான் கை காட்டினேன்."

பக்கத்திலிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, எந்திரி. அது நாளைக்கு வெட்ட வேண்டிய துணி" என்றார்.

அவர் பேச்சு மறுபடி அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. கதவைத் திறந்ததும் கை சாக்குக்கட்டியைத் தேடியது. குழுவுக்கு மீண்டும் கை காட்ட வருவார். அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒலிப்பதிவு ஒரு ஞாயிறு பிற்பகலில். வாடகைக்கு எடுத்த பதிவுக்கூடம். பெரிய அறையில் நாங்கள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கரடியும் கிடார்காரர்களும், பக்கவாட்டில் தனி அறையில் டிரம்ஸ். என் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். டிரம்மரின் மனைவி பேசத் தொடங்குமுன் எங்கள் எல்லோரையும் பார்த்து, "காதைக் காட்டுங்க" என்றார். இருபத்திரண்டு பேரும் முடியை ஒதுக்கிக் காட்டினோம்.

பாதி வேகத்தில் பாடுவது எளிதாக இல்லை. ஒரு வரிக்கு மூச்சுப் போதவில்லை. அக்கா யோசித்தார். பிறகு வலக்கையால் தாளம் காட்டியபடியே, இடக்கையின் விரலை ஒவ்வொருவராகச் சுட்டினார்: நீ இங்கே மூச்சு விடு, நீ அங்கே. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் குரலைத் தாங்கினோம். கரடியும் கிடார்காரர்களும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. டிரம்ஸ் அறையிலிருந்து அக்காவின் கை தெரியவில்லை. நடுவே தூண் மறைத்தது. ஆரம்பத்தை மட்டும் யாராவது ஒலிவாங்கியில் நான்கு எண்ணிச் சொன்னால், பிறகு எங்கள் பாட்டைக் கேட்டே வாசித்துவிடுவேன் என்றார் டிரம்மர்.

குழுத்தலைவர் எண்ணினார். அவர் நாக்கில் நாற்பது ஆண்டுப் பழைய வேகம். டிரம்ஸ் அதே வேகத்தில் பாய, அக்காவின் கை ஒருபக்கம், இடி ஒருபக்கம் என்று எல்லாம் சிதறியது. இரண்டாம் முறையும் அப்படியே. பிறகு நான் எண்ணினேன். பதற்றத்தில் என் நான்கு, அவருடைய நான்கையும் முந்திக்கொண்டது.

"மேடம், யாராவது துரத்தறாங்களா?" என்றது மச்சானின் குரல், செவிபேசியில்.

"கை காட்டறவங்களே எண்ணினாத்தாங்க சரியா வரும்" என்றார் டிரம்மர். சொன்ன மறுகணமே நினைவு வந்தவராக, "இல்ல, பரவாயில்ல, தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி வெச்சுப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா தம் முன்னால் நீண்டிருந்த ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் தழும்பை மறைக்கும் துணியை அவர் விரல்கள் இழுத்துவிட்டன.

அப்போது கரடி தம் தடுப்பிலிருந்து வெளியே வந்தார். நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி சொன்னாங்க, குரல் ரெண்டாப் பிளந்துடுச்சுன்னு. நான் பத்து வருஷமா வெந்நீரும் பயிற்சியுமாத் தொண்டையோட மல்லுக்கட்டறேன், எனக்கு இன்னும் ஒழுங்காப் பிளக்கல. உங்களுக்கு ஒரே நாள்ல எப்படிக்கா வந்துச்சு? இது அநியாயமில்லையா?"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கால் எழவில்லை.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கதவு சாத்தாத ஓர் அறையில், ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அந்தச் சிரிப்பு முன்பு இருந்ததுபோல் மணி ஒலிக்கவில்லை. கரகரவென்று உருண்டு, இடையில் உடைந்து, மறுபடி தொடர்ந்தது. ஒலிவாங்கி அதை எங்கள் எல்லோருடைய செவிபேசிகளிலும் கொண்டுவந்து சேர்த்தது.

"போங்க" என்றார் அக்கா கரடியிடம், எல்லோர் காதிலும் விழும்படி. "போய் உங்க இடத்துல நில்லுங்க."

"சரிக்கா" என்று அவர் பள்ளிப் பிள்ளைபோல் திரும்பி நடந்தார்.

அக்கா கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, அவசரமே இல்லாமல், "ஒண்ணு" என்றார். கை இறங்கி எழுந்தது. "ரெண்டு." முதல் வரிசையில் குழுத்தலைவர் கண்களை மூடிக்கொண்டார். "மூணு." அது பிளந்தது, அவர் நிறுத்தவில்லை. "நாலு."

டிரம்ஸ் விழுந்தது. தரை, சுவர், என் விலாவெலும்பு எல்லாம் அதிர்ந்தன. கிடார்கள் அதன்மேல் மெதுவாக, மிக மெதுவாக எழும்பின. நாங்கள் வாய் திறந்தோம். எத்தனையோ ஆண்டுகள் பாடிய தாலாட்டு. இத்தனை பாரத்தோடும் இத்தனை பொறுமையோடும் ஒரு குழந்தையைத் தூங்க வைக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கரடி உறுமத் தொடங்கியபோது, அந்தக் கரடுமுரடான குரலுக்குள் அவ்வளவு பரிவு இருந்தது. தனிக்குரல் பகுதி வந்தது. அந்த இடத்தை யாரும் பாடவில்லை. அக்காவின் கை மட்டும் அசைய, நாங்கள் அடியில் தாங்கி நின்றோம். மச்சான் தம் கிடாரில் அந்த உச்ச ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தவறே இல்லாமல் ஒரே தடவையில் பதிவாகிவிட்டது.

பிறகு எல்லோரும் கணினியைச் சுற்றி நெருக்கியடித்து நின்று கேட்டோம். எட்டு நிமிடம் முடிந்ததும் எங்கள் குழுவின் மூத்த அம்மையார் ஒருவர், "இன்னொரு தரம் போடுங்க தம்பி" என்று டிரம்மரின் தோளைத் தட்டினார். மாப்பிள்ளை மச்சானைப் பார்த்து, "எட்டு நிமிஷம் யாரு கேப்பாங்கன்னு கேட்டது நீதானே?" என்று கூசாமல் சொல்ல, இருவருக்கும் அங்கேயே மூண்டது.

டிரம்மர் பாட்டின் தொடக்கத்துக்குப் போனார். "முன்னாடி எண்ணினதை மட்டும் வெட்டிடறேன்" என்றார். "எப்பவும் வெட்டிடுவோம். பாட்டு நேரா டிரம்ஸ்லேருந்து ஆரம்பிக்கும்." அவர் எங்கள் யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, அது அவர்கள் வேலைமுறை. திரையில் நான்கு சிறிய மேடுகள் தெரிந்தன. அக்காவின் நான்கு சொற்கள். சுட்டி அவற்றின் மேல் போய் நின்றது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வழக்கம்போல், மன்னிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. அது முடிவதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெட்ட வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "அது இருக்கட்டும்."